உரைகல்லில் வந்த கறுப்பு

மகள் கேட்டுக்கொண்டதால் இந்தக் குறிப்பில் பெயர்களையும் தேதிகளையும் விட்டுவிடுகிறேன். பெயர்களை விடுவது எளிது. தேதியை விடுவதுதான் எனக்குக் கஷ்டம். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கிழமையையும் மணியையும் மட்டும் வைத்துக்கொள்ள அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து. சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பதியிலிருந்து மகள் போன் செய்தாள். பேத்திக்கு ஐந்து மாதம் முடிந்து, மகளையும் குழந்தையையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"நைனா, துன்னியா?"

"ஆச்சும்மா. கொழந்த இன்னா பண்ணுது?"

"குளிக்க வெக்கப் போறோம். அண்ணி உன்னாண்ட ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு. தங்கத்த உரைச்சா கறுப்பாவா வரும்?"

அண்ணி என்பது மாப்பிள்ளையின் அக்கா. அந்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, உரை மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குப் பேச்சு நீளும். "கட்டியா இருக்கிறப்ப ஒரு நெறம், பொடியா தேயறப்ப வேற நெறம் வர்ற பொருள் நெறைய இருக்குது. தங்கம் அப்படி இல்ல. உரைச்சாலும் மஞ்சள்தான் வரும். கறுப்பா வந்தா அது தங்கமே இல்ல. மோதிரம் வாங்கின எடத்துல யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான்," என்றேன்.

"மோதிரம் இல்ல நைனா. நீ குடுத்த கல்லு." பின்னால் குழந்தை சிணுங்கியது. "சரி, தண்ணி ஆறிப் போவுது. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள்.

நான் கொடுத்த கல் என்ன என்பதைச் சொன்னால்தான் அந்த நிமிடம் எனக்கு என்ன ஆயிற்று என்பது புரியும்.

கோலாரிலிருந்து தெற்கே ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. அது மாநில எல்லையைத் தாண்டி, சித்தூர் மாவட்டத்தின் மூலையில், குப்பம் பக்கம் வந்து நுழைகிறது. இரண்டு புறமும் வெளுத்த கிரானைட் வகைப் பாறைகள். நடுவில் கறுத்த பச்சையில் இந்தப் பட்டை. ஒரு காலத்தில் கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு இது. பிறகு ஆழத்துக்கு இறங்கி, அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து, நெளிந்து, மேலே வந்திருக்கிறது. வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று படித்திருக்கிறேன். நெளிந்தபோது விட்ட விரிசல்களில் ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறியது. வெறும் வெந்நீர் அல்ல. வெள்ளைக் கல்லாக உறையப்போகும் சிலிக்கா அதில் கரைந்திருந்தது, கந்தகம் இருந்தது, கொஞ்சம் பொன் இருந்தது. மேலே வர வர அழுத்தம் குறைந்து எல்லாம் அந்த விரிசல்களிலேயே படிந்துவிட்டன. அந்த வெள்ளை நரம்புகளைத் தேடித்தான் அங்கே சுரங்கம் வெட்டினார்கள். ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். அந்தச் சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகிறது.

மூடும்வரை அங்கே பாறையில் சாம்பிள் எடுக்கும் வேலையில் இருந்தவர் எனக்குச் சிநேகிதர். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது பரணிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவு. வெள்ளைக் கல்லின் ஒரு பக்கத்தில் மஞ்சளாகவும் வெள்ளியாகவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மின்னியது. வெள்ளி ஓரத்தில் பாசி பிடித்ததுபோல இளம்பச்சைப் பூச்சு. அந்தப் பச்சைதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"தங்கம் இதுல இருக்குது," என்றார் சிநேகிதர். "ஆனா உன் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளா பாக்கற பாரு, அது இரும்பும் கந்தகமும். வெள்ளியாட்டம் இருக்குது பாரு, அதுதான் பொல்லாதது." ஒரு சுத்தியலை எடுத்து அந்த வெள்ளி ஓரத்தில் லேசாகத் தட்டி என் மூக்கருகே நீட்டினார். பூண்டு வாசனை வந்தது. "பூண்டு வாசன வந்தா கைய நல்லா கழுவிக்கினுதான் சோறு துன்னணும். நாங்க உள்ள எறங்குறப்ப எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது இது."

அந்த வெள்ளிக் கனிமத்தின் பெயர் ஆர்செனோபைரைட். இரும்பு, கந்தகம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்தது. பொன் இருக்கும் பாறைகளில் பல இடங்களில் இதுவும் கூடவே இருக்கும். பொன் தேடுகிறவர்கள் இதைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பச்சைப் பூச்சு என்பது அந்தக் கனிமம் காற்றும் ஈரமும் பட்டுச் சிதைந்து உண்டாவது, அதிலும் ஆர்செனிக் உண்டு என்பதையும் பிறகு படித்துச் சேர்த்தேன். பூண்டு வாசனையை அடிக்கோடிட்டேன்.

நான் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது சீசன் டின்னுக்கு லேபிள் எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன, எந்த நாள், எந்த லாட் என்று ஒட்டாமல் ஒரு டின் என் கையைத் தாண்டிப் போனதில்லை.

குழந்தையைக் கொண்டுவிடும் நாளில் அந்தக் கல்லை ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தேன். ஷோகேஸில் வைக்கட்டும், பேத்தி படித்துப் பெரியவளாகும்போது பார்க்கட்டும் என்பது என் எண்ணம். பெட்டியின் மூடியில் ஒட்டிய லேபிள் இரண்டு விரல் அகலம். மாப்பிள்ளையின் அக்கா தெலுங்கு மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவருக்காகத் தமிழில் எழுதியதையே தெலுங்கிலும் எழுதினேன். மேலே "பொன் கல்". கீழே தெலுங்கில் "பங்காரு ராயி". அதற்குக் கீழே ஊர் பெயர், மாவட்டம். அதோடு லேபிள் முடிந்துவிட்டது. கனிமங்களின் பட்டியலுக்கு இடம் இல்லை. அது நோட்டில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. செவ்வாய், வெள்ளி குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு உரைகல்லில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுட்ட வசம்பு எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டு ஒவ்வொரு இழை உரைப்பார்கள். கடைசியில் தங்க மோதிரத்தால் ஒரு இழை. வழித்துச் சங்கில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டுவார்கள்.

மகள் போனை வைத்த பிறகு இவ்வளவும் என் தலையில் ஒரே நேரத்தில் வந்து நின்றது. தண்ணீர் ஆறிப் போகிறது என்றாள். அப்படியென்றால் குளியல் இனிமேல்தான். குளியலுக்குப் பிறகு மருந்து.

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மகள் போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் காலை ஷிப்ட். போனை கேட்டிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி மகள். மணி அடித்து நின்றது. ஒன்பது பதினேழு.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இத்தினி வாட்டி போன் பண்றீங்க? இப்பதான பேசினா?"

கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் அக்காவுடைய நம்பர் என் போனில் இல்லை. மகள் கல்யாணத்தின்போது ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். அந்த வருஷத்து நோட்டு அலமாரியின் மேல்தட்டில். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எல்லா நோட்டும் ஒரே நிறத்தில் அட்டை போட்டவை. அந்த ஒழுங்கை அன்றைக்கு வெறுத்தேன். மூன்றாவது நோட்டில் கிடைத்தது. ஒன்பது இருபத்துநாலு.

நாலாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க மாமா. இன்னா அதிசயமா என் நம்பருக்கு?"

"கொழந்தைக்கு மருந்து குடுத்தாச்சாம்மா?"

"உரைச்சு சங்குல வழிச்சுட்டேன். அவ கொழந்தைக்குத் தலை துவட்டிக்கினு இருக்குறா."

"குடுக்காத. சங்க கீழ வெச்சிடு. அந்தக் கல்ல உரைச்சதக் குடுக்கவே கூடாது."

"இன்னா மாமா இது? நீங்கதான பங்காரு ராயின்னு எழுதி ஒட்டிக் குடுத்தீங்க? மோதிரத்துல செம்பு கலந்திருக்கும், இது மண்ணுல இருந்து வந்த சுத்தமான பங்காரம்னுதான் நான் உரைக்கறேன்."

"அதுல ஆர்செனிக் இருக்கும்மா."

"அது இன்னா சத்து மாமா? இரும்புச் சத்து மாதிரியா?"

 எத்தனையோ புத்தகத்தில் படித்த சொல். அதன் ரசாயனக் குறியீடு தெரியும். தமிழில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். அதைச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன்போல.

"பாஷாணம்," என்றேன். "வெசம்."

 அந்தப் பக்கம் தரையில் சங்கு வைக்கப்படும் சத்தம் கேட்டது. என் பின்னால் சமையலறையில் மனைவி அடுப்பை அணைத்த சத்தமும் கேட்டது.

"மாமா," என்றார். குரல் மாறியிருந்தது. "இன்னிக்குக் குடுக்கல. ஆனா போன செவ்வாய் குடுத்தேன். வெள்ளிக்கெழமையும் குடுத்தேன்."

"அப்ப கறுப்பா வரலையா?"

"சுட்ட வசம்பு உரைச்சா உரைகல்லு பூரா கரிதான மாமா. அதுக்கு மேல உரைச்சேன், ஒண்ணும் தெரியல. இன்னிக்கு வசம்பு அடுப்புல சுட்டுக்கினு இருந்துச்சு, அதுக்குள்ள இத மொதல்ல உரைச்சேன். கறுப்பா வந்துச்சு. அதனாலதான் உங்கள கேக்கச் சொன்னேன்."

"கறுப்பா வந்தப்புறமும் சங்குல வழிச்சியேம்மா."

"நீங்க எழுதினது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

மகள் போனை வாங்கினாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் குழந்தை இரண்டு தடவை கக்கியது, பால் செரிக்கவில்லை என்று நினைத்தோம் என்றாள். இதைச் சொல்லிவிட்டு, "நைனா, அதுக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். உடனே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கல்லைக் கழுவ வேண்டாம், கொல்லையில் எறிய வேண்டாம், பெட்டியோடு கவரில் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். இந்தக் கடைசி விஷயத்தைச் சிநேகிதர் என்னிடம் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வண்டி ஏறினோம். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.   என் மடியில் கல்லைப் பற்றி எழுதிய நோட்டு இருந்தது. அந்தப் பக்கத்துக்குள் விரலை விட்டு மூடி வைத்திருந்தேன்.

"ஊட்ல அந்த மாதிரி வேற கல்லு இருக்குதா?" என்று பூதலப்பட்டு தாண்டியதும் கேட்டாள்.

"இருக்குது."

"எங்க?"

"அலமாரியில. அரிசி டப்பாவுக்கு மேல் தட்டுல."

திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முப்பது வருஷமா உங்க கல்ல நான்தான் துணியால துடைக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் வெளியே பார்த்துக்கொண்டே வருவேன். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் குன்றுகள். பிறகு சந்திரகிரிக்கு அப்பால் செங்குத்தாக எழும் திருமலை மலைச்சுவர். அடியில் மிகப் பழைய கிரானைட், அதன்மேல் வேறொரு காலத்து மணற்பாறை. இரண்டுக்கும் நடுவில் பல கோடி வருஷத்துக்குச் சாட்சியே இல்லாத ஒரு கோடு. கூட வருகிறவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டாமல் விட்டதில்லை. அன்றைக்கு மலை ஜன்னலுக்கு நேரே வந்து நின்றபோது எனக்கு நினைவில் இருந்தது ஒரே கணக்குதான்: செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. செவ்வாயிலிருந்து ஏழு நாள். வெள்ளியிலிருந்து நாலு நாள். உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும், எவ்வளவு வெளியே போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை மகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் காலையில் வைத்த மைப்பொட்டு கலையாமல் இருந்தது. நான் முதலில் பார்த்தது நகங்களை. பாஷாணம் ஏறினால் நகத்தில் வெள்ளைக் கோடு விழும் என்று படித்திருந்தேன். அது விழச் சில வாரங்கள் ஆகும் என்றும் படித்திருந்தேன். இருந்தாலும் பத்து விரலையும் பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா சுவரோரம் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவரை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல.

டாக்டர் இளம் பெண். தெலுங்கில்தான் பேசினார். எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு என்று கேட்டார். "எவ்வளவு" என்பதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "இவ்வளவுதான், மேடம்," என்று தெலுங்கில் சொன்னார். இவ்வளவுதான் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் கெஞ்சியது.

நான் நோட்டைத் திறந்து நீட்டினேன். தமிழில் எழுதியிருந்ததால் ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னேன். கனிமங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பச்சைப் பூச்சு பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவும் தெரிந்தவர் வீட்டிலா இது நடந்தது?" என்றார் தெலுங்கில். குத்திக்காட்டும் தொனி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"லேபிளில் இடம் இல்லை, மேடம்," என்றேன்.

அவர் யாரோடோ போனில் கலந்து பேசினார். பிறகு எங்களுக்குச் சொன்னார்: இந்தக் கல்லில் இருப்பது கடையில் விற்கும் பாஷாணம் போல எளிதில் கரையாது; இரண்டு இழை என்பது மிகக் குறைவு; வாந்திக்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனாலும் ஐந்து மாதக் குழந்தை. ஊகத்தில் விட முடியாது. சிறுநீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர நாலைந்து நாள் ஆகும். அதுவரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது. வாந்தி, பேதி, சோர்வு எது வந்தாலும் உடனே கொண்டுவர வேண்டும்.

சின்னப் பிளாஸ்டிக் பையைக் குழந்தையின் இடுப்புக்குக் கீழே ஒட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குழந்தை விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்க முயன்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிட்டது. மகள், "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ நைனா," என்றாள்.

அந்தப் பக்கம் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கவரைத் திறந்தேன். கல்லைத் தொடாமல், பெட்டியோடு சாய்த்து, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மின்னும் பக்கத்தின் ஒரு முனை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. குழந்தையின் கட்டைவிரல் நகம் அளவு. மஞ்சள் கொஞ்சம் தேய்ந்திருந்தது. வெள்ளி அதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் பச்சைப் பூச்சு இல்லை. நான் விரும்பிப் பார்த்த அந்தப் பச்சை, சுற்றிலும் இருந்தது, அங்கே மட்டும் இல்லை.

தேய்ந்த இடத்தின் அகலம், ஆழம், எடை என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். அந்த எண் சிறியதாகத்தான் வரும் என்று தெரியும். சிறியதாக வந்தாலும் பயம் சிறியதாகாது என்பதும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமைவரை திருப்பதியிலேயே தங்கினோம். அந்த நாட்களைப் பற்றி நாட்குறிப்பில் இருப்பதெல்லாம் மணியும் பாலும் மட்டும்தான். ஆறு பத்து, குடித்தது. எட்டு நாற்பது, குடித்தது. வியாழக்கிழமை பதினொன்று ஐந்துக்குக் கொஞ்சம் கக்கியது. அந்த வரியில் என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். மாப்பிள்ளை ஆட்டோவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினார். மனைவி குழந்தையை வாங்கி, முதுகைத் தட்டி, ஏப்பம் வந்ததும், "காத்து. வெறும் காத்து," என்றாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அக்காதான் பேசினார், அதுவும் வேறு யாரும் இல்லாதபோது. வெள்ளிக்கிழமை. குளியல் நாள். உரைகல்லை ஆஸ்பத்திரியில் சொன்னபடி கட்டித் தனியாக வைத்தாகிவிட்டது. அது வழக்கமாக இருந்த மூலை காலியாக இருந்தது.

"கொழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா, நான்தான குடுத்தேன் மாமா," என்றார். "ஊருல யாரும் உங்க லேபிளச் சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்லுவேன்," என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க. நோட்டுல எழுதுவீங்க. யாரு படிக்கப் போறா? எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே." சிரித்துக்கொண்டே சொன்னார். உடனே புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அளவு வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கிறது என்றார். ஒரு மாதம் கழித்து ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார். மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தக் காகிதத்தை வாங்கி, எங்களுடையதுதானா என்று பெயரையும் வயதையும் சரிபார்த்தேன். பிறகு தேதியை. பிறகு மறுபடி பெயரை.

கல் பாக்கி இருந்தது. அதை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் யாராவது பொறுக்குவார்கள், மின்னுகிறதே. ஏரியில் போட்டால் அது யாரோ குடிக்கிற தண்ணீர். புதைத்தால் மழை இறங்கும். பழைய ஃபேக்டரியில் சொல்லி ஒரு டின்னில் போட்டு மெஷினில் மூடி வாங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். 

"டின்னுல போட்டா, மாம்பழக் கூழுன்னு நெனச்சு எவனாவது தொறந்து துன்னுவான்," என்றாள். முப்பது சீசன் அந்த வேலை பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

கடைசியில் திருப்பதியில் ஒரு கல்லூரியின் நிலவியல் பிரிவில் கேட்டேன். எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வீட்டு அலமாரியில் இருந்த மற்ற கற்களையும் சேர்த்துக் கொண்டுபோனேன். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டும் அலமாரி. உதவியாளர் ஒரு சிறிய அட்டையை நீட்டி, "ராயண்டி, சார்," என்றார். எழுதுங்கள் என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கில் கல்லைக் குறிக்கும் ராயி என்ற சொல்தான் காதில் விழுந்தது. பேனாவைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த அட்டையும் இரண்டு விரல் அகலம்தான். மேலே தமிழில் "விஷம்". கீழே தெலுங்கில் அதே சொல். இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதற்குக் கீழே ஆர்செனோபைரைட், இரும்புக் கந்தகக்கல், வெள்ளைக் கல், கிடைத்த இடம். அட்டை நிறைந்துவிட்டது. பொன்னுக்கு இடம் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காட்டியதிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். பேத்திக்கு இப்போது இரண்டு பல் முளைத்திருக்கிறது. எனக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி ஆனால் கை போனுக்குப் போய்விடுகிறது. மகளைக் கூப்பிடுவதில்லை. அவள் போன் சார்ஜில்தான் இருக்கும். அவள் அண்ணியைக் கூப்பிடுகிறேன். இப்போது அவர் முதல் மணியிலேயே எடுக்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இன்னிக்கு எதையும் உரைக்கல மாமா. கொழந்த சிரிச்சுக்கினு இருக்குது. வெச்சிடட்டா?" என்கிறார்.

"கொஞ்சம் அது கிட்ட போன வெய்யிம்மா," என்கிறேன்.

வைக்கிறார். தண்ணீர் தளும்பும் சத்தமும் குழந்தை கத்தும் சத்தமும் கேட்கின்றன. அது அழுகையா சிரிப்பா என்று தெரியும்வரை நான் பேசுவதில்லை.